கோணையன் பாக்கி

செங்கம்மாள் தன் கோழிகளுக்குத் தண்ணீரில் பிராந்தி கலந்து ஊற்றுகிறாள், அதனால்தான் அவற்றைச் சீக்கு அண்டுவதில்லை என்று 1972 தை மாதத்தில் புதுவாயல் கூட்டுரோடு முழுக்கப் பேச்சாக இருந்தது. சாராயக்கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மனிதனுக்கே டம்ளரில் அளந்து ஊற்றுகிற காலத்தில் கோழிக்குப் பாட்டிலோடு ஊற்றுகிறாளே என்ற வயிற்றெரிச்சலில் சேதி வேகமாகப் பரவியது. அவள் வீட்டில் ஒரு கோழிகூடச் செத்ததில்லையாம். முட்டையை உடைத்தால் நெடி அடிக்கிறதாம். அந்த முட்டையில் ஆம்லெட் தின்ற லாரி டிரைவர் ஒருவன், வடக்கே தடாவுக்குப் போகவேண்டியவன், வண்டியைத் திருப்பிக்கொண்டு செங்குன்றத்துக்கே போய்ச் சேர்ந்தானாம்.

விசாரித்துப் பார்த்ததில் பாட்டில் மட்டும் உண்மை.

புதுவாயலிலிருந்து மேற்கே இரண்டு மைலில் ஏரிமேடு. நாற்பது வீடு, ஒரு எல்லையம்மன் கோயில். அங்கே செங்கம்மாள் வீட்டுக் கொல்லையில், கல்கத்தா ரோட்டோரம் லாரிக்காரர்கள் வீசிவிட்டுப் போன பிராந்தி பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மண்சட்டியில் கவிழ்த்து, கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கோழி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் தானாக இறங்கும். லேபிளைச் சுரண்ட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கூடை கட்டிய சைக்கிளில் கோழி வாங்க வருகிற ஹனீப் பாய் அந்த லேபிளைப் படித்தார். படித்ததைப் பழவேற்காடு வரைக்கும் சொன்னார். இதுதான் பிராந்தியின் வரலாறு.

ஒரு கோழிகூடச் சாகவில்லை என்பதும் பொய். 1969 சீக்கில் அவளிடம் இருந்த இருபத்தேழில் நான்கு செத்தன. ஆனால் அந்த வருடம் மற்ற வீடுகளில் பிழைத்ததே நான்கு ஐந்துதான். வதந்தி கட்டுகிறவர்களுக்குக் கணக்கு எப்போதும் கொஞ்சம் இடைஞ்சல்.

செங்கம்மாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. புருஷன் துலுக்காணம் புதுவாயல் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். மில் வருடத்தில் ஐந்து மாதம் ஓடும், அவனும் அவ்வளவுதான் ஓடுவான். மற்ற ஏழு மாதமும் அடுப்பு எரிந்தது கோழியால். மில்லில் கூட்டிப் பெருக்கிய நொய்யும் தவிடும் தீனி. கூட்டுரோட்டு ஓட்டல்களுக்கு முட்டை போகும். கழித்துவிட்ட பெட்டைகள் ஹனீப் பாய் கூடைக்குப் போகும். இதில் மந்திரமும் இல்லை ரகசியமும் இல்லை. ஒரு சேவல்தான் இருந்தது.

1966 பங்குனியில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. முதல் நாள் கோழி ஓர் ஓரமாய் ஒதுங்கி, றெக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். மறுநாள் சுண்ணாம்பும் பச்சையுமாகக் கழியும். மூன்றாம் நாள் வாயைப் பிளந்து மூச்சுக்கு அலையும். நாலாம் நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகவேண்டியதுதான். இருபத்திரண்டில் பத்தொன்பதை அப்படித் தூக்கிக்கொண்டு போனாள் செங்கம்மாள்.

சீக்கு வந்தால் ஏரிமேட்டில் ஒரு முறை உண்டு. வீட்டில் இருப்பதிலேயே நல்ல சேவலைப் பிடித்து அதன் காலில் மஞ்சள் நூல் கட்டி, இதைப் பிழைக்க வைத்தால் ஆடியில் உனக்கே என்று எல்லையம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். செத்தால் நேர்த்தி தள்ளுபடி. பிழைத்தால் ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றும்போது வெட்டு. தலை பூசாரிக்கு, உடம்பு வீட்டுக்கு.

அதாவது, சீக்கு ஊர்க் கோழியையெல்லாம் சலித்து, தன்னால் கொல்லமுடியாத சேவலாகப் பார்த்துப் பொறுக்கித் தரும். ஊர் அதை வெட்டிக் குழம்பு வைக்கும். பிறகு பெட்டைகளுக்குச் சேவல் வேண்டுமே என்று சந்தையிலிருந்து, சீக்கு என்றால் இன்னதென்றே அறியாத புதுச் சேவலை வாங்கி வந்து விடும். அடுத்த பங்குனியில் அதன் குஞ்செல்லாம் ஏரிக்கரைக்குப் போகும். ஆத்தாளுக்குக் கோபம் தீரவில்லை என்று ஊர் பேசிக்கொள்ளும். எத்தனை தலைமுறையாக இது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பூசாரி வீட்டில் குழம்பு மட்டும் தவறியதில்லை.

செங்கம்மாளும் நூல் கட்டினாள். இரண்டு வயதுச் சிவப்புச் சேவல். அதை மடியில் போட்டுக்கொண்டு, "தாயே, எல்லாத்தயும் எடுத்துக்க. இவன மட்டும் உட்டு வை. ஆடிக்கு இவனையே கொண்ணாந்து உன் காலடில உட்டுடறேன்" என்றாள்.

சேவல் பிழைத்தது, இரண்டு பெட்டைகளும் பிழைத்தன. ஆனால் போகிற போக்கில் சீக்கு சேவலின் கழுத்தைத் திருகிவிட்டுப் போயிருந்தது. தலை இடப்பக்கம் மடங்கி, ஒரு கண் எப்போதும் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. நெல்லைக் கொத்த வேண்டுமென்றால் முதலில் ஒரு சுற்றுச் சுற்றும், பிறகுதான் அலகு தரைக்கு வரும். கோணையன் என்று பெயர் வந்தது.

ஆடி ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூசாரி தணிகாசலம் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சேவலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்தார்.

"இன்னா செங்கம்மா இது, ஏரோப்ளேன் போவுதான்னு பாத்துகினு கீது?"

"சீக்குல கோணிகிச்சிணா."

"ஊனம் ஆவாதும்மே. ஆத்தா மொகத்தயே நேரா பாக்காத கோழிய எப்டி வெட்றது? வேற கொண்ணா."

"வேற எங்கணா கீது? இவன் ஒர்த்தன்தான் மிச்சம். இவனத்தான் தரேன்னு வாய் உட்டேன்."

"அப்ப பாக்கி வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் பூசாரி அடுத்த சேவலைப் பிடித்தார்.

வீட்டுக்கு வரும்போது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தாயிடம் பட்ட பாக்கி. ஆனால் கொண்டுபோனதை வேண்டாம் என்றது அவள் குற்றமா? காலில் கட்டிய நூலை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் ஏமாற்றியதாக ஆகிவிடும்.

இப்படியாக, ஏரிமேட்டில் சீக்கை ஜெயித்த சேவல்களில் கத்தியையும் ஜெயித்தது கோணையன் ஒருவன்தான்.

அந்த இரண்டு பெட்டைகளும் அவனும் சேர்ந்து வீட்டை நிரப்பினார்கள். ஊர் முதலில் அந்தக் குஞ்சுகளைத் தொடவில்லை. அப்பன் கோணல் என்றால் பிள்ளையும் கோணல்தான் என்றார்கள். குஞ்சுகள் பொரிந்து வந்தபோது ஒவ்வொன்றின் கழுத்தும் கம்பி மாதிரி நேராக இருந்தது. அப்பனுக்கு வந்து சேர்ந்த கோணல் அப்பனோடு நின்றது. அப்பனைக் காப்பாற்றிய ஏதோ ஒன்று மட்டும் பிள்ளைகளுக்குப் போயிருந்தது. அது கண்ணுக்குத் தெரியாததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

1969 சீக்குக்குப் பிறகுதான் சிலர் வாய் திறந்தார்கள். கைக்காசு இல்லாதவர்கள் வாரத்துக்குக் கேட்டார்கள். வாரம் என்றால், செங்கம்மாள் குஞ்சு கொடுப்பாள், வாங்கியவர்கள் தீனி போட்டு வளர்ப்பார்கள், பெருகுவதில் ஆளுக்குப் பாதி. அத்திப்பட்டில் கட்டிக்கொடுத்த அவள் தங்கை செண்பகத்துக்கு ஒரு கூடை போயிற்று. ஏரிமேட்டிலேயே சில பெண்கள் கூடையை முந்தானையால் மூடிக்கொண்டு கொல்லை வழியாக வந்து வாங்கிப் போனார்கள். யார் யார் என்று செங்கம்மாள் வெளியே சொல்லவில்லை. முன்வாசல் வழியாக அவளை ஏசுகிறவர்கள் வீட்டிலும் முட்டை வேண்டியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

ஹனீப் பாய்க்கு வேறு தொல்லை. பொன்னேரிச் சந்தையில் செங்கம்மா கோழி என்று கூவினால், "கழுத்து நேராக் கீதே, ஏமாத்தறியா பாய்" என்று கேட்டார்கள். கோணல் கழுத்துக்கு எங்கே போவது என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிராந்திச் சேதி கால்நடை மருந்தகத்துக்கும் போனது. அங்கே ஆய்வாளராக இருந்த ஆதிநாராயணன் தடுப்பு மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து ஊர் ஊராய் சைக்கிளில் சுற்றுகிறவர். மருந்து வருகிற பஸ் தாமதமானால் ஐஸ் உருகும், ஐஸ் உருகினால் மருந்து வெறும் தண்ணீர். அப்படிப்பட்டவருக்கு ஐஸே வேண்டாத பிராந்தி என்றால் ஆவல் வராமலா இருக்கும். வந்தவர் நேராகக் கொல்லைக்குப் போய், பாட்டிலைக் கழற்றி மோந்து பார்த்தார்.

"வெறும் தண்ணிதாம்மா."

"பின்ன இன்னா சார், நாஷ்டாவுக்கே வழியில்ல, பிராந்திக்கு எங்க போறது? எங்க ஊட்டு ஆளு நாக்க தொங்கப்போட்டுகினு கீறாரு. அவுருக்கு ஊத்தாம கோழிக்கா ஊத்தப் போறேன்?"

அவர் கோணையனைப் பார்த்தார். கோணையனும் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தான். மகன்களைப் பார்த்தார், பேத்திகளைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார்.

"இது உங்க தண்ணியால இருக்கலாம், இடத்தால இருக்கலாம், நீங்க வளக்கிற விதத்தால இருக்கலாம். இல்லன்னா கோழியோட வித்துலயே இருக்கலாம். எதுன்னு தெரியணும்."

"தெரிஞ்சி?"

"தெரிஞ்சா எல்லா ஊருக்கும் குடுக்கலாம்."

மறுவாரம் சர்க்கார் பண்ணையிலிருந்து வெள்ளை லெகான் கோழி முட்டை பன்னிரண்டு கொண்டுவந்தார். செங்கம்மாளிடமும் பன்னிரண்டு வாங்கிக்கொண்டார். இரண்டையும் கலந்து, அடைகாக்கும் இரண்டு கோழிகளுக்கு வயிற்றுக்கு அடியில் வைத்தார்கள். வெள்ளையில் பதினொன்று பொரிந்தது, செங்கம்மாளுடையதில் பத்து. ஒரே தாய், ஒரே தவிடு, ஒரே பிராந்தி பாட்டில். எதற்கும் ஊசி போடவில்லை. தாயால் வருகிற பாதுகாப்பு குஞ்சுக்கு மூன்று நாலு வாரம்தான் நிற்கும், அது கழிந்த பிறகு சீக்கு வந்தால்தான் நிஜம் தெரியும் என்று ஆதிநாராயணன் சொல்லியிருந்தார். செங்கம்மாளுக்கு அதெல்லாம் புரியவில்லை. பஞ்சுருண்டை மாதிரி இருந்த வெள்ளைக் குஞ்சுகள் அவள் கால் விரலைக் கொத்துவது மட்டும் பிடித்திருந்தது.

பங்குனிக் கடைசியில் சீக்கு வந்தது. ஆறு நாளில் வெள்ளைக் குஞ்சு பதினொன்றும் போயின. அவளுடையதில் ஒன்று செத்தது, ஒன்று இரண்டு நாள் றெக்கை தொங்கி நின்று பிறகு தீனிக்கு வந்தது. அத்திப்பட்டில் செண்பகத்தின் தெருவில் கோழியெல்லாம் காலியான போதும் அவளிடமிருந்த ஏழில் ஐந்து நின்றன. அங்கே வேறு தண்ணீர், வேறு மண், வேறு கை.

ஆதிநாராயணன் வந்து குறித்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். செங்கம்மாள் காலிக் கூடையோடு நின்றாள்.

"பாட்டில் இல்லம்மா, தண்ணி இல்ல, உங்க கை ராசியும் இல்ல. கோணையனோட வித்துதான். ஒரே வீட்டுல ரெண்டு வித்து, ஒண்ணு தாங்குது, ஒண்ணு தாங்கல."

"அந்த வெள்ளைங்க செத்துடும்னு உனுக்கு முன்னாலயே தெரியுமா சார்?"

"சந்தேகம் இருந்தது."

"சந்தேகத்தோட என் கையில குடுத்து வளக்கச் சொன்னியே. ராவும் பகலும் தவிடு பெசஞ்சி போட்டேன்."

அவர் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். கை ராசி இல்லை என்று சொன்னதும் அவளுக்கு உறுத்தியது. ஊரே திட்டினாலும் கை ராசிக்காரி என்று ஒரு பேர் இருந்தது. அதையும் இந்த ஆள் கோழிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவர் நாலு பக்கம் எழுதி மேலே அனுப்பினார். எண்ணிக்கை போதாது, கோழி வளர்ப்போரைத் தடுப்பூசிக்கு ஊக்குவிக்கவும் என்று இரண்டு வரி திரும்பி வந்தது. இரண்டு வரியும் தப்பில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

செங்கம்மாளைக் காப்பாற்றியிருக்க வேண்டிய சோதனை அவளை மாட்டிவிட்டது. ஊர் பார்த்ததெல்லாம் ஒன்றுதான்: ஒரே வீட்டில் சர்க்கார் கோழி பதினொன்றும் செத்தது, அவள் கோழி மட்டும் நிற்கிறது. பிராந்தி போய் வேறு பேச்சு வந்தது. ஆத்தாளுக்குப் பாக்கி வைத்த வீட்டில் சாவு இல்லை, அந்தச் சாவையெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குத் தள்ளிவிடுகிறாள். ஆடி மூன்றாம் ஞாயிறு அவளைக் கோயில் முன்னால் கூப்பிட்டார்கள். கூழ்ப் பானையை முத்தம்மாள் கிண்டிக்கொண்டிருந்தாள். பூசாரியின் பெண்சாதி.

"ஆறு வருசம் ஆச்சி" என்றார் பூசாரி. "கோணையனுக்கு வயசாயிட்சி, அவன் வாணாம். அவன் பெத்த சேவல் மூணு நல்லாக் கீதாமே. மூணயும் கொண்ணாந்து கட்டு. மொதலு ஒன்னு, வட்டி ரெண்டு."

செங்கம்மாள் கணக்குப் போட்டாள். கோணையன் கிழம். பெட்டைகளைத் துரத்துவதை விட்டு ஒரு வருடமாயிற்று. அந்த மூன்றும் போனால் அடுத்த குஞ்சுக்குச் சந்தைச் சேவல்தான். அதோடு அந்த வித்து முடிந்தது, அவள் அடுப்பும் முடிந்தது.

"கட்டலன்னா?"

"கட்டலன்னா உன் ஊட்டு கேவுரு இந்தக் கூழ்ல சேராது. உன் குஞ்ச ஒர்த்தரும் வாரத்துக்கு வாங்கமாட்டாங்கோ."

அவள் கோயிலைக் கை காட்டினாள். பிறகு சொன்னாள்.

"நான் தாயிக்கு சொன்னது கோணையன. வேற பேரு சொல்லல. அவன இட்டாந்தேன். நீதான் வாணான்ன."

"ஊனம்னு சொன்னேன்."

"ஊனத்த யாருணா குடுத்தது? சீக்கு தாயி குடுத்ததுன்னா கோணலும் தாயி குடுத்ததுதான. அத்த நிமித்தறது தாயிக்கு ஒரு பேஜாரா? நிமித்தட்டும். இன்னிக்கி நிமித்தினா இன்னிக்கே கொண்ணாந்து கட்டறேன்."

கூட்டத்தில் யாரோ, "அதுவும் நாயமாத்தான் கீது" என்றார்கள். இன்னொருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். பூசாரிக்குக் காது சிவந்தது.

"வாய் ரொம்ப நீளுது. மொதல்ல அந்த மூணு சேவலு எங்க கீது, அத்த சொல்லு."

"ஒன்னு என் ஊட்ல கீது."

"மீதி ரெண்டு?"

வாரத்துக்கு வாங்கியவர் பேரைச் சொல்வதில்லை என்பது செங்கம்மாள் வைத்திருந்த முறை. அந்த முறையால் இப்போது கெடுதல் வந்தாலும் வரட்டும் என்று நின்றாள்.

"நம்ம ஊட்ல கீது" என்றாள் முத்தம்மாள், கிண்டுவதை நிறுத்தாமல்.

"எது?"

"செவப்பு ஒன்னு, கருப்பு ஒன்னு. கூட பொட்டை நாலு."

"அது உங்கம்மா ஊட்டு கோழின்னியே. வேப்பம்பட்டுலேர்ந்து வந்துச்சின்னு."

"வேப்பம்பட்டு கோழி எப்பவோ செத்துப் போச்சி. தெனம் ரெண்டு முட்டை துன்றியே, அது எங்கேர்ந்து வந்துதுன்னு நெனச்ச? செங்கம்மாகிட்ட வாரத்துக்கு வாங்கினேன். பாதி அவுளுது, பாதி நம்மள்து." துடுப்பைத் தட்டிப் பானை விளிம்பில் வைத்தாள். "வெட்றதுன்னா வெட்டு. பாதிய மட்டும் எப்டி வெட்டுவன்னு நானும் பாக்கறேன்."

தணிகாசலம் கோயிலுக்குள் போனார். கொஞ்சநேரம் கழித்து நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார்.

"ஆத்தா காத்துகினு கீறேன்றா. கழுத்து நிமிர்ற வரிக்கும் பாக்கி பாக்கிதான்."

கூழ் ஊற்றினார்கள். செங்கம்மாள் வீட்டுக் கேழ்வரகும் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு ஏரிமேட்டில் யாரும் முறையை மாற்றவில்லை. மாற்றினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும். மஞ்சள் நூல் கட்டுகிற காலை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். செங்கம்மா கோழியை விட்டுவிட்டு, ஹனீப் பாயிடம் ஒரு சந்தைச் சேவலை வாங்கி அதற்குக் கட்டினார்கள். அவர் பங்குனிக்கு ஒரு கூடை விற்பார். அதில் முக்கால்வாசி சீக்கில் போய்விடுவதால் நேர்த்தியும் தள்ளுபடி. பூசாரி வீட்டுக் குழம்பு கொஞ்சம் நீர்த்துப் போனது. முட்டை மட்டும் தினம் இரண்டு. ஆதிநாராயணன் மாற்றலாகிப் போகும் முன்பு ஒரு கூடைக் குஞ்சு வாங்கிக்கொண்டு போனார். அது எந்த ஊருக்குப் போயிற்று என்று தெரியாது. துலுக்காணம் மில்லை விட்டுவிட்டு, தொழிற்பேட்டை வரப்போகிறது என்று அளந்து கல் நட்ட இடத்தில் காவலுக்குப் போனான். கல்லுக்குக் காவல் என்பதால் வேலை அவனுக்குப் பொருந்தியது.

கோணையன் 1975 மாசியில் செத்தான். சீக்கு இல்லை, வயதுதான். காலையில் கதவைத் திறந்தபோது வழக்கம்போல் ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். செங்கம்மாள் குழி தோண்டினாள். கடைசியாக ஒரு தடவை கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நிமிரவில்லை.

அவன் காலிலிருந்த நூல் ஒன்பது வருடத்து அழுக்கில் மஞ்சள் என்று சொன்னால்தான் தெரியும். அதை அவிழ்த்துப் பருப்பு டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆடிக்கும் திருநீறு கொடுக்கும்போது தணிகாசலம் குரலைத் தாழ்த்தாமல் சொல்வார்.

"செங்கம்மா, ஒன்னு பாக்கி கீது."

"தெரியும்ணா" என்பாள் அவள்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்ப்பாள். கொல்லையில் கோணையன் பேரன்கள் நாலைந்து பேர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரிவார்கள். பாக்கிக்கு இவனா, அவனா என்று ஒவ்வொருவனாகப் பார்ப்பாள். பிறகு பருப்பை ஒரு பிடி அள்ளிக்கொண்டு டப்பாவை மூடிவிடுவாள். நூல் உள்ளேதான் இருக்கிறது.